பிந்தி வரும் துடிப்பு

எட்டு மணிக்கு ஓட்டம் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் எட்டு மணிக்கே ஓட்டம் என்று நம்பிக்கொண்டு வருகிற ஆள் பாளையங்கோட்டையிலேயே தவசிமுத்து ஒருத்தன்தான் இருப்பான். இத்தனைக்கும் இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார்; சிறப்பு விருந்தினர் என்று ஒருவர் பெயரைப் போட்டாயிற்றென்றால் அதற்குக் கீழே போட்டிருக்கும் நேரமெல்லாம் சும்மா அழகுக்குத்தான் என்பது அவனுக்குத் தெரியாததா. தெரியும். தெரிந்தும் ஏழரைக்கே மைதானத்தைச் சுற்றி மெதுவோட்டம் ஓட ஆரம்பித்துவிட்டான், ஏனென்றால் அவனுக்கு வேறு வழியில்லை. மூத்தோர் தடகளப் போட்டி, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். கூட ஓடப்போகிற ஏழு பேரும் வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கென்ன, கூப்பிட்டதும் எழுந்து இரண்டு குதி குதித்துவிட்டுக் கோட்டில் போய் நிற்கலாம். கால் ஓட ஆரம்பித்த மறுநொடி இதயத்துக்குச் சேதி போய்விடும். தவசிமுத்துவின் நெஞ்சில் இருப்பதோ அவனோடு பிறந்தது இல்லை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் சென்னையில் வைத்து மாற்றியது. ரத்தக்குழாயையெல்லாம் தைத்துவிட்டார்கள், நரம்பைத் தைக்க முடியாதாம். "கம்பி அறுந்து போச்சு சார், இனிமே தந்தி கிடையாது, தபால்தான்," என்று டாக்டர் சொன்னார். கால் ஓடுகிற சேதி ரத்தத்தில் கரைந்து ஊர்ந்து போய்ச் சேர ஐந்தாறு நிமிடம் ஆகும். அதுவரை அது தன்பாட்டுக்கு இருக்கும், பந்தியில் எல்லாரும் மோருக்கு வந்த பிறகு சாவகாசமாக வந்து இலை போடச் சொல்கிற விருந்தாளி மாதிரி. வந்துவிட்டதோ, லேசில் போகவும் போகாது; ஓட்டம் நின்று கால்மணி நேரம் ஆன பிறகும் கிடந்து அடிக்கும். ஆகவே இருபத்தைந்து நிமிடம் முன்னாலேயே அதைக் கிளப்பி வைக்க வேண்டியிருக்கிறது. வாட்ச்சில் துடிப்பு நூற்று இருபத்தாறு காட்டியது. அவனுக்கு வேண்டிய எண் அதுதான். மணி ஏழு ஐம்பத்தெட்டு. அப்போதுதான் மைக் கரகரத்தது.

"நமது சிறப்பு விருந்தினர் அவர்கள் மார்க்கெட்டைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் ஐந்தே நிமிடத்தில் விழா தொடங்கும். வீரர்கள் தயவுசெய்து பந்தலுக்கு அருகில் வரவும்." குற்றாலிங்கத்தின் குரல். போட்டியின் செயலாளர், தவசிமுத்துவோடு காலேஜில் ஓடியவன். மார்க்கெட்டைத் தாண்டிவிட்டார் என்று மைக்கில் சொன்னால் ஆள் இன்னும் வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். தவசிமுத்து எத்தனை தடவை அதே மைக்கில் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறான். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதை. இப்போது உட்கார்ந்தால் எண் இறங்கிவிடும், ஓடிக்கொண்டே இருந்தால் கால் களைத்துவிடும். அவன் கேலரிக்குப் பின்பக்கம் போனான். கேலரிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு சந்து, உடைந்த ஹர்டில்ஸ், சுண்ணாம்பு மூட்டை, மூத்திர நெடி. முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அறுபது காலடி. போகும்போது ஓட்டம், வரும்போது வேகநடை. நூற்று இருபத்துநான்கு, நூற்று இருபத்தைந்து. கருமமே என்று அவன் இதற்காக நொந்துகொண்டிருக்க வேண்டும், குற்றாலிங்கத்தை நாலு வசவு வைய வேண்டும். வசவு ஒன்றும் வாயில் வரவில்லை. விரல்கள் மட்டும் லேசாக நடுங்கின; அதுவும் கோபத்தால் இல்லை, மாத்திரையால்.

பஸ் ஸ்டாப்பை நினைக்க வேண்டாம் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தான். ஓட்டத்தை மட்டும் நினைக்க வேண்டும். ஓட்டம் என்றால் பத்தொன்பது வயதில், பல்கலைக்கழகப் போட்டியில், இதே தூரம். ஓட்டத்துக்கு முந்தின அரைமணி நேரம் அவன் அனுபவித்த பயம் இருக்கிறதே, அப்பப்பா. மூன்று தடவை கக்கூஸுக்கு ஓடுவான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கோட்டில் போய் நின்று துப்பாக்கியைத் தூக்கும்போது இதயம் தொண்டைக்குழிக்கு ஏறி வந்து அங்கே நின்று அடிக்கும். இந்தப் பயம் மட்டும் இல்லாமல் ஓட முடிந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டதுகூட உண்டு. சாமி இருபத்தேழு வருடம் கழித்து வரம் கொடுத்திருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் ஓட்டம், முந்நூறு பேர் பார்க்கப்போகிறார்கள், உள்ளே ஒரு சத்தம் இல்லை. கடற்கரைச் சாலையில் ஓடும் பஸ்ஸில் ஜன்னலை ஏற்றிவிட்டால் காற்றும் மண்ணும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அடிக்குமே, அப்படி எல்லாம் அந்தப்பக்கம் நடக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போன அன்று பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். அவன் சிரித்தான், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால். இதயம் கொடுத்தவரைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது வயது இருபத்துமூன்று, ஆண், அவ்வளவுதான். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதித் தரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நாலு நாள் உட்கார்ந்தான். கடைசியில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நன்றியுரை வாசிக்கிற தோரணையில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். ஒரு தாயின் பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நன்றியுரை. தன்னைப் பற்றி அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, அதோடு சரி.

அதனால்தான் ஓட வந்தான். மனைவி ஆவுடையிடம், டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் என்று சொல்லியிருந்தான். பொய்யும் இல்லை, டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார், நன்றாகச் சூடேற்றிக்கொண்டு ஓடலாம் என்று. மனைவியின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று குற்றாலிங்கம் கேட்டபோது அவள் வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். உண்மையான காரணம் வேறு. ஆயிரத்து ஐந்நூறில் மூன்றாவது சுற்று என்று ஒன்று உண்டு. ஓடியவர்களுக்குத் தெரியும். இனி முடியாது, செத்துவிடுவோம் என்று உடம்பு கையெடுத்துக் கும்பிடும் இடம். அந்த இடத்திலாவது பயம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தான். வந்துவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் ஆவுடை பதினான்கு மாதமாகச் சோறு போட்டுக்கொண்டிருப்பது யாருக்கு. பஸ் ஸ்டாப்பை நினைக்க வேண்டாம். நூற்று இருபத்துமூன்று. கொஞ்சம் வேகம் கூட்டினான். சுண்ணாம்பு மூட்டை, ஹர்டில்ஸ், சுவர், திரும்பு. மகள் பூரணியின் தையல் இப்போது ஆறிவிட்டது. புருவத்துக்கு மேலே இரண்டே தையல். பஸ் ஸ்டாப்பை நினைக்காமல் தையலை மட்டும் எப்படி நினைப்பது.

ஒரு மாதத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் திருச்செந்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். எட்டு வயசு மகள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பிடித்திருக்கவில்லை. எதற்கோ ரோட்டில் இரண்டு எட்டு வைத்தாள், பால்கேன் கட்டிய பைக் ஒன்று அவளைத் தட்டிவிட்டுச் சாய்ந்தது. பால் ரோடெல்லாம் ஓடியது. ஆவுடை போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஊரே ஓடியது. பெற்ற தகப்பன் நின்றான். நின்றது மட்டுமா. நின்றதற்கு அவன் பிறகு ஒரு சமாதானம் சொன்னான்: "இது பழைய இதயம் இல்லட்டி, இதுக்குச் சேதி பிந்தித்தான் போவும், டாக்டரே சொல்லியிருக்காரு." ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை, இரண்டு தையல்தான் என்று சொல்லி, பூரணி ஐஸ்கிரீம் கேட்டு, எல்லாரும் சிரித்த பிறகு அவன் நெஞ்சு திமுதிமுவென்று அடித்ததும் உண்மைதான். ஆவுடை அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். ஆனால் போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டான், பயம்கூடப் பிந்தி வருமா சார் என்று. டாக்டர் சிரித்துவிட்டார். "பயம் மண்டையில இருக்கு சார். இதயம் வெறும் பம்பு. பம்பு ஓடலேன்னா கிணத்துல தண்ணி இல்லேன்னு ஆயிருமா?" அதை ஆவுடையிடம் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டான். அதுகூடப் பெரிதில்லை. பெரியது, நின்ற அந்த நேரத்தில் அவன் செய்த காரியம். பிள்ளை ரோட்டில் பாலுக்கு நடுவே கிடக்கிறாள். அவன் கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தான். தொண்ணூற்றாறு. மாடிப்படி ஏறினால் பார்ப்பது, சாப்பிட்டால் பார்ப்பது, கனவு கண்டு விழித்தால் பார்ப்பது, பழகிப்போன கை தானாகத் திரும்பிவிட்டது. பிள்ளை விழுந்தால் எண் ஏறுகிறதா என்று பார்க்கிற தகப்பன் உலகத்தில் உண்டா. நிமிர்ந்தபோது ஆவுடை பூரணியை மடியில் போட்டுக்கொண்டு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்சைப் பார்த்ததைப் பார்த்தாளா, பிறகுதான் பார்த்தாளா? அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோயிற்று. மாத்திரை தருவாள், பிரஷர் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், அடுக்களைக்குப் போய்விடுவாள். அவன் ஒரு மாதமாக அந்தப் பார்வையை எடுத்து எடுத்துப் பார்க்கிறான். பார்த்திருப்பாள். பார்த்திருக்க மாட்டாள். பார்த்திருந்தால் கேட்டிருப்பாள். கேட்காததால்தான் பார்த்திருக்கிறாள். சுவர், திரும்பு.

"இங்கனயா நிக்கிய?" ஆவுடைதான், கையில் தண்ணீர் பாட்டிலோடு சந்தின் வாயில் நின்றாள். பூரணியைத் தன் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நிக்கலட்டி. ஓடுதேன்."

"அவரு வந்துட்டாரு. குத்தாலிங்கம் அண்ணன் ஒங்களத் தேடுதாவ."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. மூத்திரச் சந்தில் வைத்துச் சொல்கிற விஷயமா அது. வாயைத் திறப்பதற்குள் மைக்கில் அவன் பெயர்.

பந்தலில் நடந்ததை அவன் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. நல்ல மனசு கெட்ட மனசை விட மோசமான காரியத்தைச் செய்யும் என்பதற்குக் குற்றாலிங்கமே சாட்சி. சிறப்பு விருந்தினர் ஒரு ஜவுளிக்கடை அதிபர், அவருடைய கடையிலேயே வாங்கிய பொன்னாடையை அவருக்கே போர்த்திய பிறகு, "நம் அருமை நண்பர், மறுபிறவி எடுத்து வந்த மாவீரர்" என்று தவசிமுத்துவை மேடைக்கு இழுத்துவிட்டான். காதோடு, "ஏலே, ரெண்டு நிமிசம்தாம்ல, சும்மா நில்லு," என்றான். சும்மா நிற்பதுதான் கூடாது என்று இவனுக்கு எப்படிப் புரியவைப்பது. பொன்னாடை விழுந்தது. அதிபர் மைக்கைப் பிடித்தார். இதயம் என்பது அன்பின் இருப்பிடம் என்று தொடங்கி, தன் தகப்பனார் ஒரு தையல் மிஷினோடு கடை ஆரம்பித்ததற்குப் போய், அங்கிருந்து தீபாவளித் தள்ளுபடிக்கு வந்தார். தவசிமுத்து கைகூப்பி நின்றான். கூப்பிய கையில் வாட்ச் கண்ணுக்கு நேராக இருந்தது. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. குதிகாலை ஏற்றி இறக்கினான். புகைப்படக்காரர் ஆடாமல் நிற்கச் சொன்னார். நூற்று ஆறு. ஒரு மணி நேரமாகக் கட்டிக் காப்பாற்றிய சூடு கண்ணெதிரே ஆறிக்கொண்டிருந்தது. ஐயோ என்று இருக்க வேண்டும். வெயில் பந்தல் துணிக்கு மேலே ஏறிவிட்டதையும், பொன்னாடையின் சரிகை கழுத்தை அறுப்பதையும் கவனித்தான். பதினேழு நிமிடம். பேச்சு முடிந்து கைதட்டல் அடங்குமுன் குற்றாலிங்கம் அறிவித்தான், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், வீரர்கள் கோட்டுக்கு.

துப்பாக்கி வெடித்ததும் ஏழு முதுகுகள் அவனை விட்டுப் போயின. முதல் சுற்றில் கால் சொன்னபடி கேட்கவில்லை. நனைந்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது. கால் கேட்கிறது, நெஞ்சு கொடுக்கவில்லை. மூச்சு மட்டும் இரைந்தது. யாரோ கேலரியிலிருந்து, "பைய ஓடுங்க சார், அவசரமில்ல," என்றார். இரண்டாவது சுற்றிலும் கடைசி. கண்ணோரம் கொஞ்சம் கறுத்தது. அந்த இடம் வந்தது. மூன்றாவது சுற்று, எதிர்த் திருப்பம், இனி முடியாது என்று உடம்பு சொன்னது. சொன்னதை அவன் கேட்டான். காத்திருந்தான். செத்துவிடுவோம் என்று நினைத்துப் பார்த்தான். அந்த வார்த்தை வந்தது, வார்த்தைக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. சரிதான் என்று பட்டது. இவ்வளவுதான் விஷயம் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்து, ஓடிக்கொண்டே இருந்தான், ஏனென்றால் நிற்பதற்கும் ஒரு காரணம் இல்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்து, முந்நூறு மீட்டர் மிச்சமிருக்கும்போதுதான் நெஞ்சு வந்து சேர்ந்தது. திமுதிமுவென்று மேளம் கொட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் தொடைக்குப் பாய்வது தெரிந்தது. இரண்டு பேரைத் தாண்டினான். ஆறாவதாகக் கோட்டைத் தொட்டான். எல்லாரும் தட்டினார்கள். அவனைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம்.

"நிக்காதிய. நடங்க." ஆவுடை பாட்டிலை நீட்டினாள். ஓட்டம் முடிந்தால் உடனே நிற்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். டிராக்கின் வெளியோரமாக இரண்டு பேரும் நடந்தார்கள். பந்தலிலிருந்து தள்ளி வந்ததும் அவன் சொல்லிவிட்டான். தைரியம் வந்து சொல்லவில்லை. இனிமேல் மறைத்து வைத்துக் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

"அன்னைக்கி பஸ் ஸ்டாப்புல, அவ கெடந்தப்ப, நான் வாட்ச்சப் பாத்தேன்."

"தெரியும். நான் கண்டேன்."

"டாக்டரு சொன்னதுல பாதியத்தான் ஒங்கிட்ட சொன்னேன். பயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாதாம்."

 நீங்க மனுசனா என்று கேட்பாள், கேட்கட்டும் என்று அவன் இருந்தான். ஒரு மாதமாக எதிர்பார்த்த கேள்வி.

"அவ கைய விட்டது நான்தான்," என்றாள் ஆவுடை. "ஒம்பது மணி அலாரம் அடிச்சிச்சு. ஒங்க மாத்திரைய எடுக்கப் பையத் தொறந்தேன். ஜிப்பு சிக்கிக்கிட்டு, ரெண்டு கையும் வேண்டியிருந்திச்சு. விட்டுட்டேன்." குரல் உடைந்தது. "இத எப்பிடிச் சொல்ல? சொன்னா நீங்க நம்மளாலதானன்னு நெனச்சி மாத்திரைய நிறுத்திருவியளோன்னு... ஒங்க மூஞ்சியப் பாக்கவே முடியல எனக்கு. நீங்க வாட்ச்சப் பாத்ததக் கண்டப்பமும், ஐயையோ, அலாரம் எப்ப அடிச்சிச்சுன்னு பாக்காவ, கண்டுபிடிச்சிட்டாவன்னுதான் நெனச்சேன்."

அவன் நடப்பதை நிறுத்திவிட்டான். நிற்கக் கூடாது என்பதை அவளும் மறந்துவிட்டாள். அழுதுகொண்டே சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்தாள், பிறகு, பத்துப் பேர் இருக்கும் இடத்தில் புருஷன் பக்கத்தில் உட்காரக்கூட யோசிக்கிறவள், உள்ளங்கையை விரித்து அவன் நெஞ்சில், நெடுந்தழும்புக்கு மேலே வைத்தாள். உள்ளே அது கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

"யம்மா, எப்பிடி அடிக்கி," என்றாள். "இவ்வளவையும் உள்ள வச்சிக்கிட்டா கல்லு மாதிரி இருந்திய?"

அது ஓட்டம். கடைசி முந்நூறு மீட்டரின் துடிப்பு, இன்னும் பத்து நிமிடத்துக்கு அப்படித்தான் அடிக்கும். அவள் சொன்ன சேதி கிளம்பியிருந்தால்கூட இதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை. யாரோ ஒரு இருபத்துமூன்று வயதுப் பையனின் இதயம், ஒன்றும் தெரியாமல், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தவசிமுத்து அதைச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா," என்றான்.

அவள் கையை எடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. அவனுக்கு வாட்ச்சைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, பார்க்க முடியாது. நின்று எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு நிமிடமா, இரண்டா. அவளுடைய விரலுக்கடியில் அடி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிய ஆரம்பித்துவிட்டதோ என்று பட்டது. அதற்குள் கையை எடுத்துவிட மாட்டாளா, தணிந்துவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தான்.